பந்தியில் விழுந்த அப்பா

கல்யாணப் பந்தியில் வரிசை முழுக்க ஒன்றாக எழுவதுதான் எங்கள் வழக்கம். மெல்ல எழும்படி டாக்டர் சொல்லியிருந்தும், அப்பா எல்லோரோடும் சட்டென்று எழுந்து, மயங்கி இலைமேல் சாய்ந்தார். அவர் தம்பி, என் சித்தப்பா, குனிந்து வாயை மோந்து பார்த்தார்.

"காலையிலயே ஊத்திட்டாரா?" என்று யாரோ சிரித்தார்.

"குடிக்கலைங்க. பரம்பரையா வர்ற மூளை நோயிங்க. எந்திரிச்சா பிரஷர் எறங்கிப் போயிருமுங்க. சேலத்துல டாக்டரே சொன்னாருங்க" என்று கத்தினேன்.

"படிச்சவன், அப்பனை உட்டுக் குடுப்பானா?" என்றார் சித்தப்பா.

இவர்களுக்கு மூத்தவரான என் பெரியப்பாவும் நாற்பது வயதுக்குமேல் இப்படித்தான் விழுந்தார். சொட்டுக்கூடக் குடித்ததில்லை, குடிகாரன் என்ற பெயரோடு செத்தார். அப்பாவுக்கும் அதே பெயரா?

"உங்க ஒடம்புலயும் அதே ரத்தந்தானுங்க ஓடுது. நாளைக்கு நீங்க உழுந்தா, நான் வாயை மோந்து பார்க்க மாட்டேனுங்க" என்றேன்.

கண் விழித்த அப்பா, பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று என்னைத்தான் திட்டினார்.