வால்வை மூடுற கை

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவர் கையைப் பத்திச் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே பிளம்பர் வேலை பார்த்த கை. வீட்டை விட்டு வெளிய கிளம்பினா அந்தக் கை தானாப் போய் மெயின் வால்வை மூடிட்டுத்தான் செருப்பைத் தேடும். வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னெல்லாம் அதுக்குக் கவலை கிடையாது. நான் முகம் பூரா சோப்போட குளியலறையில நின்னு கத்தின நாளெல்லாம் உண்டு. மனுஷன் அதுக்குள்ள தெரு முனையைத் தாண்டியிருப்பாரு. திரும்பி வந்ததும் கேட்டா, மூடினேனா, நானான்னு நிஜமாவே ஆச்சரியப்படுவாரு. எங்க அண்ணன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு 'வால்வு மாப்பிள்ளை'ன்னு பேர் வெச்சுட்டான். அந்தப் பேர் அப்படியே நிலைச்சுப் போச்சு.

கைக்கு ஒண்ணும் ஆகலை, முட்டிதான் போச்சு. ஒரு கட்டடத்துல ஏணி சறுக்கி விழுந்தாரு, அதோட சரி. குத்துக்கால் போட்டு உட்கார முடியாத பிளம்பரை யார் கூப்பிடுவாங்க? மாசக்கணக்கா ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் என்ன தோணுச்சோ, வீடியோ எடிட்டிங் கடையில கழிச்சுப் போட்ட பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தாரு. எந்தப் பைப் எந்தச் சுவருக்குள்ள புகுந்து எங்க வெளிய வருதுன்னு வரையுற வேலையைத் தானே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டாரு. ஒரு கான்ட்ராக்டர் தொடர்ந்து வேலை கொடுக்க ஆரம்பிச்சாரு. காலையில வரும், சாயங்காலத்துக்குள்ள போயாகணும். எங்க வீட்டுல மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

கூடவே இன்னொரு சத்தமும் வந்துச்சு. வரைஞ்சதை நிஜக் கட்டடம் மாதிரி படமா மாத்திக் கொடுக்கணும், அதை ரெண்டர்னு சொல்றாங்க. அது ஓடும்போது கம்ப்யூட்டர் கொதிக்கும், உள்ள இருக்கற ஃபேன் மாவு மில்லு மாதிரி அலறும். கொஞ்ச நேரம் இல்லை, மணிக்கணக்கா. எங்களுக்கு இருக்கறது ஒரே அறை, அதை ஒட்டிக் கையகலத்துக்கு ஒரு சமையலறை. அறையில ஒரு மூலையில அவர் மேசை, இன்னொரு மூலையில என் கட்டில். நான் நைட் டியூட்டி நர்ஸ். அவர் வேலை பார்க்கற நேரம்தான் நான் தூங்கற நேரம்.

என் வேலையையும் சொல்லிடறேன். மாசம் முடியறதுக்கு முன்னாடியே பிறந்துட்ட குழந்தைங்க வார்டு. ஒவ்வொண்ணும் கைக்குள்ள அடங்கிடும். அதுங்களுக்கு ஒரு குணம் உண்டு, திடீர்னு மூச்சு விட மறந்துடும். அழாது, துடிக்காது, சும்மா அப்படியே நின்னுடும். மெஷின் மணி அடிக்கும்தான். ஆனா மெஷினை மட்டும் நம்பி உட்கார முடியாது, நிறத்தைப் பார்த்து நாமதான் கண்டுபிடிக்கணும். பாதத்துல லேசா ஒரு சுண்டு சுண்டினா பெரும்பாலும் ஞாபகம் வந்து மூச்சு விட ஆரம்பிச்சுடும். அதுக்கு நம்ம கண் திறந்திருக்கணும், அவ்வளவுதான்.

ஹெட் சிஸ்டர் நல்லவங்க, அதனாலதான் முகத்துக்கு நேராவே சொன்னாங்க. நின்னுக்கிட்டே உனக்குக் கண் சொருகுது, நான் பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்தா உன்னை இந்த வார்டுல வெச்சிருக்க மாட்டேன்னாங்க. வேற வார்டுக்குப் போறது பெரிய விஷயமில்லை. நான் கண்ணை மூடின நேரம் பார்த்து ஒரு பிள்ளை மூச்சை மறந்துட்டா?

காலையில நான் வீட்டுக்கு வந்தா, கதவைத் திறந்ததும் இவர் கேட்கறது ஒண்ணுதான். கண்ணு அசந்துச்சான்னு கேட்பாரு. இல்லைன்னு சொல்லிட்டுப் போய், காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுத் தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சுப்பேன். ஹெட் சிஸ்டர் சொன்ன மறுநாள் மட்டும் அந்தப் பதில் வாயில வரலை. செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னு அழுதுட்டேன். இவர் என்னைப் பார்த்தாரு, கம்ப்யூட்டரைப் பார்த்தாரு.

அதுல இருந்து மனுஷன் ஒரு மாதிரி ஆயிட்டாரு. ஃபேனுக்குப் பதிலாத் தண்ணியை ஓட விட்டுக் கம்ப்யூட்டரைக் குளிர வைக்கலாமாம், எங்கயோ வீடியோ பார்த்திருக்காரு. சூடாகற சிப்பு மேல ஒரு செம்புக் கட்டி உட்காரும். தண்ணி அதுக்குள்ள போய்ச் சூட்டை வாங்கிக்கிட்டு, வெளிய ஒரு ரேடியேட்டருக்குப் போய் ஆறும். பம்பு அதைத் திரும்பத் தள்ளி விடும். கரண்டுல ஓடற பொருளுக்குள்ள யாராவது தண்ணியை விடுவாங்களான்னு கேட்டேன். தண்ணி அவர் சொன்னா கேட்குமாம். பெண்டாட்டி என்னிக்குக் கேட்டா, தண்ணியாவது கேட்கட்டும்னு தலையில தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்.

கடையில ரெடிமேடா விக்கற செட்டு விலைக்கு எங்க கம்ப்யூட்டர் மாதிரியே இன்னொண்ணு வாங்கிடலாம். அதனால ஒவ்வொண்ணாத் தேடித் தேடிச் சேர்த்தாரு. செம்புக் கட்டி, யாரோ கழட்டி வித்தது. ரேடியேட்டருக்கு நொண்டிக்கிட்டே பழைய இரும்புக் கடைக்குப் போனாரு. பழைய கார்ல ஹீட்டருக்குள்ள புஸ்தகம் அளவுல ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்குமாம். கடைக்காரர் அலுமினியத்துல ஒண்ணை நீட்டியிருக்காரு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில இருந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்னு சொல்லி, குவியலையே புரட்டிப் போட்டுப் பித்தளையில ஒண்ணைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்தாரு. வீட்டுல வினிகரை ஊத்திக் குலுக்கினப்ப உள்ளேயிருந்து வந்த அழுக்கைப் பார்த்து எனக்குக் குமட்டிடுச்சு.

பம்பு, மீன் தொட்டிக்கு வைக்கறது. தண்ணி நிக்கறதுக்கு நான் பருப்பு போட்டு வெச்சிருந்த கண்ணாடி ஜாடி, என்னைக் கேட்கவே இல்லை. ட்யூபுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்து, உங்க ஆஸ்பத்திரியிலன்னு மெதுவா இழுத்தாரு. நான் பார்த்த பார்வையில பேச்சை அப்படியே விழுங்கிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போயிட்டாரு.

ஜாயிண்டுக்கெல்லாம் வெள்ளை டேப் சுத்தி, கிளாம்ப் போட்டு முறுக்கினாரு. கடைசியா மேசை ஓரத்துல, ரேடியேட்டரிலிருந்து தண்ணி திரும்பி வர்ற வழியில, சிவப்புப் பிடி வெச்ச சின்ன வால்வு ஒண்ணு. வீடியோவுல அது இல்லையேன்னு கேட்டேன். தண்ணி மாத்தணும்னா நிறுத்த வேணாமா, வால்வு இல்லாத லைனை அவர் வாழ்க்கையில போட்டதே இல்லையாம். சரி, அவர் தொழில் அவருக்குத் தெரியும்னு நானும் விட்டுட்டேன்.

பேட்டரிக்கு ஊத்தற சுத்தமான தண்ணியை ஊத்தி, கம்ப்யூட்டருக்குக் கரண்டே கொடுக்காம பம்பை மட்டும் ஓட விட்டாரு. ஒவ்வொரு ஜாயிண்டுக்கு அடியிலயும் டிஷ்யூ பேப்பர். ஒரு நாள் பூரா அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எங்க ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக்கூட இவ்வளவு கவலையா யாரும் வெளிய உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு இடத்துல பேப்பர் லேசா நனைஞ்சதும் எல்லாத்தையும் கழட்டி முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. மறுபடி வெச்ச பேப்பர் கடைசி வரைக்கும் காஞ்சே இருந்துச்சு. அப்ப அவர் முகத்தை நீங்க பார்க்கணுமே.

அப்புறம் ரெண்டர் போட்டாரு. ரேடியேட்டர் பக்கத்துல வெச்ச பெரிய ஃபேன் சோம்பேறித்தனமாச் சுத்துச்சு. ஜாடிக்கு அடியில பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு, அதனால பம்பும் மூச்சுக் காட்டலை. ஓடுதான்னு கேட்டேன். ஓடுதுன்னாரு. நான் நம்பாம ஜாடிகிட்ட காதை வெச்சுப் பார்த்தேன். அன்னிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். அந்த வாரம் முழுசும் அப்படித்தான். ஹெட் சிஸ்டரே என்னை உத்துப் பார்த்துட்டு, ஆளே மாறிட்டியேன்னாங்க.

அப்பதான் கான்ட்ராக்டர் பெரிய வேலை ஒண்ணு அனுப்பினாரு, மாடி மாடியா. சாயங்காலத்துக்குள்ள சரியாக் கொடுத்துட்டா அந்தக் கட்டடம் முழுசும் உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தாரு. இவர் காலையிலேயே ரெண்டர் போட்டுட்டாரு. நான் படுத்துட்டேன். எனக்குச் சமைச்சு வைக்கக் காய்கறி இல்லைன்னு கடைக்குக் கிளம்பியிருக்காரு. கிளம்பினா அந்தக் கை என்ன செய்யும்? மெயின் வால்வை மூடுச்சு. செருப்புப் பக்கம் போற வழியில மேசை ஓரத்துச் சிவப்புப் பிடியையும் திருப்பி மூடிட்டுப் போயிடுச்சு.

பழைய ஃபேன் நின்னா ஊருக்கே தெரியும். தண்ணி நின்னது யாருக்கும் தெரியலை. செம்புக் கட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட தண்ணி கொதிச்சு, ட்யூப் இளகி, கிளாம்ப்பை விட்டு நழுவிடுச்சு. ட்யூபை மாட்டற பிளாஸ்டிக் மூக்கும் வளைஞ்சு போச்சு. கம்ப்யூட்டர் சூடு தாங்காமத் தன்னைத் தானே அணைச்சுக்கிச்சு. இவ்வளவும் என் கட்டிலுக்குப் பக்கத்துலயே நடந்திருக்கு, நான் குறட்டை விட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

நான் முழிச்சப்ப ஜன்னல்ல வெளிச்சம் மங்கியிருந்துச்சு. இவர் முட்டி போன காலை நீட்டிக்கிட்டுத் தரையில உட்கார்ந்திருந்தாரு. பக்கத்துல ஈரத் துண்டு. கம்ப்யூட்டரைத் திறந்து துடைச்சுக் காய வெச்சிருந்தாரு. மடியில அந்தப் பழைய ஃபேன். கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டியில கழட்டிப் போட்டிருந்ததை, எனக்குத் தெரியாமலே எடுத்திருக்காரு. சமையலறையில காயெல்லாம் நறுக்கி மூடி வெச்சிருந்துச்சு. வதக்கினா சத்தம் வரும்னு அடுப்பையே பத்த வைக்கலை.

எனக்கு எல்லாம் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அந்த ஃபேனை மாட்டக் கால் மணி நேரம் போதும். மத்தியானமே மாட்டி அலற விட்டிருந்தா வேலையை முடிச்சு அனுப்பியிருக்கலாம். அக்கம்பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வைக்கலாம்னு பார்த்தாராம், எல்லாரும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்திருக்கு. கான்ட்ராக்டர் போன் மேல போன் போட்டிருக்காரு. இவர் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, நாளைக்குத் தரேன்னு கிசுகிசுத்திருக்காரு. அப்ப வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு அவர் போனை வெச்சுட்டாராம்.

"ஏன் மாட்டலை?"ன்னு கேட்டேன்.

"நீ தூங்கிட்டிருந்தே"ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். எழுப்பித் தொலைச்சிருக்கலாமே, ஒரு நாள் தூங்கலைன்னா நான் செத்தா போயிடுவேன், வாயில கொழுக்கட்டையான்னு கத்தித் தீர்த்துட்டேன். எத்தனை மாசம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்து கிடைச்ச வேலை அது. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, எல்லாம் இந்தக் கையாலன்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் போய் அடுப்பைப் பத்த வெச்சாரு. நான் சாப்பிடாமத்தான் டியூட்டிக்குப் போனேன்.

அன்னிக்கு விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஓரத்துக் கண்ணாடிப் பெட்டியில இருந்த பெண் குழந்தை மூச்சை மறந்துடுச்சு. மெஷின் அடிக்கலை, என்ன கோளாறோ தெரியலை. எல்லாருக்கும் கண் சொருகற நேரம் அது. என் கண் மட்டும் கல்லு மாதிரி முழிச்சுக்கிட்டிருந்துச்சு, மனசுல அவ்வளவு ஆத்திரம், உடம்புல பகல் பூரா தூங்கின தெம்பு. அந்த உதட்டு நிறம் மாற ஆரம்பிச்சதுமே பார்த்துட்டேன். பாதத்துல சுண்டினேன். ஒண்ணுமில்லை. மறுபடி சுண்டி முதுகைத் தடவினேன். அதுக்கப்புறம் அது மூச்சை இழுத்து, என்னைத் திட்டற மாதிரி ஒரு அழுகை அழுதுச்சு பாருங்க. நான் அப்படியே பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தப்ப இவர் கதவைத் திறந்தாரு. வழக்கமாக் கேட்கறதை அன்னிக்குக் கேட்கலை. கேட்கத் தைரியம் இல்லை போல, ஒதுங்கி வழி விட்டுட்டு நின்னாரு. ராத்திரி நான் தொடாம விட்ட சாப்பாடு மேசை மேல மூடியபடி இருந்துச்சு.

"கண்ணு அசரலைங்க"ன்னு நானே சொன்னேன். அந்தக் குழந்தையைப் பத்தியும் சொன்னேன்.

"உங்க கட்டட வேலை வீணாப் போகலை. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்"னேன்.

முட்டி உடைஞ்சப்பக்கூட அழாத மனுஷன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கிட்டாரு. நானும் பக்கத்துல போய் நின்னேன். கான்ட்ராக்டர் அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லை. வேற இடத்துல சின்னச் சின்ன வேலையாத் தேடிப் பிடிக்க ரொம்ப நாள் ஆச்சு.

அந்தக் காலையிலேயே கொஞ்ச நேரம் கழிச்சு அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, பால் வாங்கிட்டு வரேன்னு கிளம்பினாரு. நான் குளிக்கப் போனேன். முகம் பூரா சோப்பு போட்டு முடிக்கவும் குழாய்ல தண்ணி நிக்கவும் சரியா இருந்துச்சு. அன்னிக்கு நான் கத்தலை. அவர் திரும்பி வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னுக்கிட்டிருந்தேன்.