அன்னபுஷ்பம் நேர்ந்துகொண்ட தலை

பென்னலூர் அன்னபுஷ்பத்துக்கு ஒரு வழக்கம். ஊரில் யாருக்கு நோய்நொடி என்றாலும் அந்தோணியாரிடம் உடனே நேர்ந்துகொண்டுவிடுவாள். நேர்த்தியைச் செலுத்துவது பிழைத்தவர் பாடு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறாள் என்று புருஷன் யாகப்பன் கேலி செய்வான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏரிக்குப் புல் அறுக்கப் போய்விடுவாள்.

அறுபதுகளில் ஒரு கோடை. ஏரி வற்றிக் கிடந்தது. மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய சரக்கு விமானம் ஒன்று, சத்தமே இல்லாமல் தாழ வந்து ஏரிக்கரையில் மோதி விழுந்தது. ஒரு டாங்கியில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. இன்னொன்றில் நிறைய இருந்தது. மாற்றிவிடும் வால்வை யாரும் திருப்பவில்லை. பெரிய விமானி அங்கேயே இறந்துபோனார். சின்ன விமானி ரகுபதியை அன்னபுஷ்பமும் யாகப்பனும் வெளியே இழுத்துப் போட்டார்கள். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. இந்தப் பிள்ளை பிழைத்தால் கோயிலுக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்வான் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

பிழைத்துக்கொண்டான். வம்பு அப்புறம்தான். அடுத்தவன் தலை, அதுவும் வேறு மதம். பங்குச் சாமியாரே சிரித்துவிட்டு, விட்டுவிடச் சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேர்த்தி தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நிஜமாகவே பயந்தாள். கடைசியில் பஸ் ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போய், கட்டிலோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

வால்வைத் திருப்புவது தன் வேலை என்றான் ரகுபதி. பெரியவர் திருப்பியிருப்பார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டானாம்.

"அவரைக் கொன்னவன் நான். எனக்குப் போய் வேண்டிக்கிட்டீங்களேம்மா."

"உம்மேல இன்னா தப்புன்னு கேட்டுக்கினா வேண்டிக்கினேன்? மூச்சு கீதான்னுதான் பாத்தேன். நடக்க முடிஞ்சதும் வந்துடு தம்பி."

மழைக்காலம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினான். அன்னபுஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டு, ஊரையே கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்ததும் ரகுபதி குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். வெட்டிவிடுமோ என்று நாவிதர் கத்தியை விலக்கிக்கொண்டார். அன்னபுஷ்பம் எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

"நீ சிரைப்பா," என்றாள் நாவிதரிடம். "புள்ள அழுவட்டும். நான் புடிச்சிக்கினு கீறேன்."