மேல்மாடிக்குப் போன காய்ச்சல்

அந்த மழைக்காலத்தில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முதலில் டெங்கு வந்தது எனக்குத்தான். வீட்டில் வைத்தே பார்க்கலாம், தினமும் இரத்தம் சோதிக்க வேண்டும், பகலிலும் நுளம்பு வலைக்குள்தான் படுக்க வேண்டும் என்றார் டொக்டர். "உங்களக் கடிக்கிற நுளம்பு உங்கட காய்ச்சல இன்னொராளுக்குக் கொண்டுபோகும்" என்று காரணமும் சொன்னார்.

கணவர் வலையைக் கட்டிவிட்டு வேலைக்குப் போவார். அவர் போனதும் நான் அதை மேலே தூக்கிப் போட்டுவிடுவேன். உள்ளே அவ்வளவு வெக்கை. எலும்பெல்லாம் நொறுங்குகிற வலியில் வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை.

மேல்மாடியில் ஒரு முஸ்லிம் அன்ரி தனியாக இருந்தார். கட்டாரில் இருந்த ஒரே மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. போவதற்கு டிக்கெட் எடுத்து, சூட்கேஸும் அடுக்கியாயிற்று. அதற்கிடையிலும் நாளாந்தம் இறங்கி வந்து, என் கட்டிலோரம் இருந்து கஞ்சி பருக்குவார்.

"வலய இழுத்து விடுங்க மகள்."

"கொஞ்சம் காத்து வரட்டும் அன்ரி."

நான் எழும்பிச் சமைக்கத் தொடங்கிய பிறகு அன்ரி படுத்தார். பயண ஆயத்தக் களைப்பில் வந்த காய்ச்சலென்று பனடோல் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். வாந்தி நிற்காமல், பல் முரசில் இரத்தம் கசிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம்.

அவருடைய விமானம் புறப்பட்ட அன்று அவர் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பேத்தி பிறந்ததும் வார்டில் வைத்து என் ஃபோனில்தான் காட்டினேன். திரையிலிருந்த சிவந்த முகத்தை அன்ரி விரலால் தடவினார். மறுமுனையில் மகள் அழுதாள். "நீங்க இல்லாம பயந்துட்டேன் உம்மா."

அன்ரி பிழைத்து வீடு வந்ததும் சொன்னேன். "என்னாலதான் உங்களுக்கு வந்தது, அன்ரி. நான் வலைக்குள்ள படுக்கேல்ல."

அவர் சிரித்தார். "இந்த லேன் முழுக்க டெங்கு. எனக்குக் கடிச்ச நுளம்புல ஒங்கட பேர் எழுதி ஈந்திச்சா?"

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். என்னால் சிரிக்க முடியவில்லை.

உடம்பு தேறி, காலாவதியான விசாவைத் திரும்ப எடுத்து அவர் கட்டார் போனபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். அன்ரி கையை நீட்ட, குழந்தை மிரண்டு தாயின் தோளில் முகத்தைப் புதைக்கிறது. "வெக்கப்படுறா" என்று கீழே எழுதியிருந்தார். ஒரு சிவப்பு இதயத்தை மட்டும் அனுப்பினேன்.