இடாப்பில் எங்கள் பெயர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு நாள் மட்டும் மன்னாரில் குடியிருப்பதற்காக வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் பிறந்தது புத்தளத்தில், கற்பிட்டி வீதியோர அகதி முகாமில். வாப்பாவின் ஊர் மன்னார். சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பக்கத்து மாகாணத்திலுள்ள புத்தளத்துக்கு வந்தவர். ஆனாலும் எங்கள் பெயர்கள் மன்னார் வாக்காளர் இடாப்பில்தான் இருந்தன. அங்கே உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிராம சேவகர் வீடு வீடாக வருவதாகச் சேதி வந்தது. உம்மாவுக்கு வெங்காயத் தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளையொன்று நின்றாலே குடும்பம் இருப்பதுபோலத் தெரியும் என்றார் வாப்பா.

அவருடைய காணியில் ஒரு தகரக் கொட்டில் நின்றது. முதல் பஸ்ஸில் போய் இறங்கியதும் முற்றத்தைக் கூட்டினார். கொடி கட்டி என் சட்டையைக் காயப்போட்டார். காய்ந்த சட்டையை எதற்குக் காயப்போடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

கிராம சேவகர் களைத்துப்போய் வந்தார். நல்ல மனிதர்.

"மகள், ஐயாவுக்குத் தண்ணி அள்ளிட்டு வாங்க" என்றார் வாப்பா.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டேன்: "கெணறு எங்க வாப்பா?"

கிராம சேவகர் பேனையை மூடினார். "இருக்கிற இடத்திலயே பதியுங்கோவன்" என்றார்.

"புத்தளத்தில வீடு கேட்டா, உங்கட மாகாணத்தில போய்க் கேளுங்க எண்டுறாங்க, ஐயா."

"ரெண்டு மாகாணத்தில இருக்கேலாதே."

"ஒண்டிலயும் இருக்கேலாமத்தானே ஓடித் திரியிறம்."

அந்த வருடம் எங்கள் பெயர் இடாப்பில் வரவில்லை. அதன்பிறகு எத்தனையோ படிவங்கள் நிரப்பிவிட்டேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் கை இன்னும் கொஞ்சம் தயங்கும்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்னால் இருந்த இருவர் சமஷ்டி ஆட்சியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வடக்கு மாகாணத்துக்குக் காணி அதிகாரம் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். கொடுத்தால் நாடு இரண்டாகிவிடும் என்றார் மற்றவர். பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"நான் இறங்கோணும்" என்று வாப்பா எழும்பிப் போய்க் கதவடியில் நின்றார்.

பஸ் வில்பத்துக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காட்டைத் தாண்டி வரும் எலுவன்குளத்துக்கே இன்னும் தூரம் இருந்தது.

"வாப்பா, எங்கட இடம் இன்னும் வரல்லயே!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று வாங்க நிற்கிறார் என்று நினைத்தேன். அவருடைய ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.