‘ரத்து’ என்று எழுதத் தயங்கினோம்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடியேறிய நான்காம் மாதமே லோன் போட்டு வீடு வாங்கிவிட்டோம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒரே அவசரம்.

ஒப்பந்தத்தை ரத்து செய்து எழுதி வாங்கக் கிளம்பியபோது அம்மா தடுத்தார்.

“நல்ல காரியம் நடக்கறப்ப ரத்துன்னு எழுதுவியாடா? வாயால சொன்னா பத்தாதா?”

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் அந்தத் தெரு வழியாகப் போனேன். பழைய வீட்டு ஜன்னல்களில் உள்பக்கம் அட்டை ஒட்டியிருந்தது. யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆவணியில் புது வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றது. “அந்த வூட்டுல மூட்டை மூட்டையா குட்கா இருக்குது. அக்ரிமென்ட் உன் பேர்லதான? கிளம்பு.”

ஸ்டேஷனில் வீட்டுக்காரர், “இந்தத் தம்பி காலியே பண்ணலீங்க” என்று சாதித்தார். மேசைமேல் என் கையெழுத்தோடு அந்த ஒப்பந்தம்.

அம்மா ஓடிப்போய் டெய்லர் அக்காவை அழைத்து வந்தார். “சாவிய எங்கிட்டதாங்க குடுத்தாரு. வூட்டுக்காரரே வந்து வாங்கிட்டுப் போனாரு. அப்புறந்தான் வேற ஆளுங்க வந்தாங்க,” என்றார் அக்கா. வீட்டுக்காரர் தலை குனிந்தது.

இன்ஸ்பெக்டர் முன்னாலேயே ரத்து எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இப்போது கம்பெனியில் யார் வீடு மாறினாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அந்தத் தாளின் ஓரத்தில் மஞ்சள் தடவி, வீட்டுப் பத்திரத்தோடு சாமி மாடத்தில் வைத்தது அம்மாதான்.