நகர்த்தக்கூடிய சுவர்

என் அண்ணி வீட்டுக்குக் கிழக்கே, ஒட்டினாற்போலிருந்த மனையில் பட்டுக்கடை முதலாளி ஒருவர் மூன்று மாடி கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், வரைபட வேலையை நானே போய்க் கேட்டு வாங்கினேன். வேறு எவனாவது வரைந்தால் நேராகச் சுவரை எழுப்பி அண்ணியின் வெயிலை அடைத்துவிடுவான் என்கிற பயம். அண்ணன் போன பிறகு அண்ணி கூழ் வத்தல் போட்டு விற்றுத்தான் பிழைக்கிறார். விடியும்போதே மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பிழிந்துவிடுவார். காலை வெயில் படாவிட்டால் கூழ் புளித்துப்போகும்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வரைந்தேன். கீழே கடைகள், மேலே வீடுகள். பாரமெல்லாம் தூண்களுக்கு, நடுச் சுவர்கள் கழற்றி மாட்டுகிற பலகைச் சுவர்கள். முகூர்த்த மாதங்களில் புடவை எடுக்க வருகிறவர்கள் வேன் நிறைய வந்து இறங்குவார்கள். சுவரை நகர்த்தினால் அவர்கள் தங்கப் பெரிய கூடம், மற்ற மாதங்களில் வாடகைக்குச் சின்னச் சின்ன வீடுகள். அண்ணி வீட்டுப் பக்கம் மட்டும் ஒவ்வொரு மாடியையும் கீழ் மாடியைவிட உள்ளே இழுத்து, மிச்சத்தைத் திறந்த தளமாக விட்டேன்.

"ஆடியில எவம்பா குடி வருவான்?" என்று முதலாளி சிரித்தார். ஆனாலும் நகர்த்துகிற சுவர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது.

கட்டி முடிந்து குடிவந்தார்கள். பங்குனியில் நான் மாகறல் கிராமத்தில் ஒரு வேலையாக நின்றுகொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார்.

"தம்பி, மாடியில வெயில காணோம்பா."

ஓடினேன். திறந்த தளங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. விளிம்பு வரைக்கும் செங்கல் வைத்து, பூசி, ஜன்னல் மாட்டி அறைகளாக்கிவிட்டிருந்தார்கள். அண்ணியின் மொட்டை மாடி இருண்டு கிடந்தது. கடைக்குப் போய்க் கத்தினேன்.

முதலாளி கோபப்படவே இல்லை. "இன்னாப்பா நீ, சுவர எங்க வேணா நவுத்திக்கலாம்னு நீதான சொன்ன? நவுத்திக்கினேன்."

அட நாசமாய்ப் போக! நான் உள்ளே நகர்த்தச் சொன்னேன், அவர் வெளியே நகர்த்தியிருக்கிறார். புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள்.

அந்தக் கோடையில் அண்ணியின் மாடிக்குப் பதினோரு மணிக்கு மேல்தான் வெயில் வந்தது. வத்தலெல்லாம் ஓரம் கறுத்துப் புளிப்பு வாடை அடித்தது. வாடிக்கைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து முகர்ந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

போன வாரம் கூப்பிட்டனுப்பினார். வீட்டை முதலாளிக்கே எழுதிக் கொடுக்கப் போகிறாராம். இடித்துவிட்டு அங்கேயும் அதே உயரத்துக்குக் கட்டுவார்கள். பதிலுக்கு இப்போதிருக்கிற கட்டடத்தில், இந்தப் பக்கமாக, அண்ணிக்கு ஒரு வீடு.

"சண்ட போட்டு இன்னா ஆவப்போவுது தம்பி? பால்கனியில கொஞ்சமா பிழிஞ்சிக்கினு காலத்த ஓட்டிடுவேன். நீ வரைஞ்ச கட்டடம்தான? எந்த வீட்ல வெயில் நல்லா வரும்னு சொல்லு, அதையே கேக்கறேன்."

அந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சாயங்கால வெயிலாவது வருவது அண்ணியின் வீடு தாழ்வாக இருப்பதால்தான். அதைத்தான் இடிக்கப்போகிறார்கள். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது?

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணி," என்றேன்.

"அப்ப எல்லாத்துலயும் வருதா!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.