அண்ணாவின் அறைக்கு மேலே வந்த அணில்

எங்கள் வீட்டில் யாரும் படுக்காத ஒரு அறை இருந்தது. கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் அப்பா வாங்கிய அந்தப் பழைய வீட்டில் மாமாவுக்குக் கீழே பேஸ்மென்ற், எனக்கு அம்மாவின் கட்டிலில் ஓர் ஓரம். மேல்மாடியின் நல்ல அறை மட்டும் அண்ணாவுக்கு. அண்ணாவை நான் பார்த்ததே இல்லை. என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா கனடாவுக்குப் புறப்பட்டபோது, ஐந்து வயது அண்ணாவை யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கு எட்டு வயதாகியும் அவருக்கு விசா வந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குள் இருந்து வருகிற குரல்தான் எனக்கு அண்ணா. ஆளே இல்லாதவருக்குப் புதுப் போர்வையா என்று பொறாமை வேறு.

அந்த மாசியில் அண்ணாவின் அறைக்கு மேலே, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில், விறாண்டும் சத்தமும் ஓடும் சத்தமும் கேட்கத் தொடங்கின. குளிருக்கு ஒதுங்கிய அணில். ஊரில் முதுகில் கோடு போட்ட சின்ன அணில்களையே பார்த்திருந்த மாமா, பூனைக்குட்டி அளவில் கன்னங்கரேலென்று கூரையேறிய இதை அணில் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

“அக்கா, உதுக்கு நான் ஒரு வழி வைச்சிருக்கிறன்” என்றார். மாமா வழி வைத்திருக்காத விஷயம் உலகத்தில் இல்லை. அம்மா மில்லில் அரைப்பித்து வைத்திருந்த கறித்தூளில் அரைப் பை காணாமல் போனது. மாமா சீலிங் மூடியைத் திறந்து, அண்ணாந்தபடியே அள்ளி வீசினார். மேலே போன தூள் அப்படியே கீழே வந்தது. அரைநாள் முகம் கழுவிக்கொண்டு பாத்ரூமில் நின்றார். நாங்கள் எல்லோரும் தும்மினோம். அணில் தும்மியதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, அணில் இரை தேடிப்போன நேரம் பார்த்து, ஏணி வைத்து ஏறிக் கூரையோரத்து ஓட்டையில் பலகை அடித்துவிட்டார். “இனி உவைக்கு இஞ்சை அலுவல் இல்லை” என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே மெல்லிய கீச்சுக்குரல்கள் கேட்டன. வெளியே தாய் அணில் அந்தப் பலகையைப் பல்லால் கறண்டிக்கொண்டிருந்தது. அம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

“குட்டியளை உள்ளை விட்டிட்டுத் தாயை வெளியிலை பூட்டிப்போட்டியே, தம்பி? கழட்டு.”

“பனி கொட்டுது அக்கா. நாளைக்குப் பாப்பம்.”

“இப்ப கழட்டு!”

அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா ஏணியைத் தூக்கினார்.

பலகை கழன்று மாமா இறங்கியதும் தாய் உள்ளே பாய்ந்தது. சிறிது நேரத்தில் வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டு மேப்பிள் மரப்பொந்துக்கு ஓடியது. இந்த வீட்டு ஆட்கள் சரிவராது என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். அம்மா குளிர் ஜக்கெற்கூடப் போடாமல் பனியில் நின்று எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகும் அசையவில்லை. ரோச் லைற்றோடு மாமாவை மேலே ஏற்றி மூலை முடுக்கெல்லாம் பார்க்க வைத்தார். “ஒண்டும் மிஞ்சேல்லை அக்கா, சத்தியமா” என்று அவர் சொன்ன பிறகே உள்ளே வந்தார்.

எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா ஆறிப்போன சோற்றைக் குழைத்து ரசித்துச் சாப்பிட்டார். மாமா மறுபடியும் பலகை அடித்தார். அடுத்த வருடம் அண்ணாவும் வந்து சேர்ந்து, அந்தப் போர்வைக்குள் மத்தியானம் வரை தூங்கினார்.

ஆனால் அணில்கள் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போனில் அம்மா கறித்தூள் உட்பட முழுக்கதையையும் சொல்ல, அண்ணா விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. “மூண்டையும் தூக்கிக்கொண்டு போயிட்டுது ராசா. தாய் ஒண்டையும் விட்டிட்டுப் போகேல்லை” என்று அம்மா முடித்தார்.

அதன்பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துக் குலுக்கி, “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன்.

“லைன் இருக்கு” என்றார் அண்ணா.

பிறகேன் கதைக்காமல் இருக்கிறீர்கள் என்று அவரை ஏசினேன்.